ரொக்கத்துக்குச் சாட்சி

தை, மாசி மாதங்களில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் களத்துமேடுகளில் கைமாறும் பணத்துக்கு ரசீது கிடையாது. அறுவடை மெஷின் வரப்போரத்தில் நெல்லைக் கொட்டும். தரகர் ஒரு பிடி அள்ளி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, ஈரம் இவ்வளவு என்பார், விலை சொல்வார். சாக்குப் பிடிக்கிறவர்கள் மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள். எடைமேடைச் சீட்டு வந்ததும் மஞ்சள்பையிலிருந்து பணம் வெளியே வரும். விவசாயி நின்ற இடத்திலேயே மெஷின் வாடகை, ஆள் கூலி, உரக்கடைப் பாக்கி என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பணம் ஐந்தாறு பேரைக் கடந்திருக்கும். அவர்களில் ஒருவரிடமும் துண்டுத்தாள்கூட இருக்காது.

அப்படித் தாள் இல்லாமல் போன பணத்துக்காக வரி அலுவலகத்தில் பதில் சொல்வதுதான் நாற்பது வருடங்களாக என் பிழைப்பு. கும்பகோணத்தில் இருக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் ஒரு வரி வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறகு தனியாக ஆபீஸ் போட்டேன். ஊரில் என்னை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் பட்டயக் கணக்காளர் இல்லை, வரி ஆலோசகர் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன். என்னிடம் வருகிறவர்கள் அரிசி ஆலைக்காரர்கள், நெல் தரகர்கள், மளிகை, பாத்திரக்கடை, டீக்கடை வைத்திருப்பவர்கள், அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள், கல்யாணச் சமையல்காரர்கள். எல்லாருக்கும் முதலாளி அவரவர்தான். வருமானமும் பெரும்பாலும் கையில் வரும் நோட்டுதான்.

இவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வியாபாரி கணக்கு காட்டாவிட்டால் அதிகாரி உத்தேசமாக ஒரு தொகை போடலாம் என்று சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தத் தொகையை எழுதப்போவது நீங்களா, அவரா என்பதுதான் கேள்வி.

நான் தொழிலுக்கு வந்தபோது வியாபாரிகளின் வருடம் சித்திரை முதல் தேதியில் பிறந்தது. பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் முதல் வரவு. சிலர் தீபாவளிக்கும் சிலர் ஆயுத பூஜைக்கும் புதுக்கணக்குப் போடுவார்கள். வருமானவரிச் சட்டம் இதையெல்லாம் அனுமதித்திருந்தது. ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவில் இருக்கும் பணமும் சிட்டையில் எழுதிய இருப்பும் ஒத்துப்போகாமல் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டார். வரிக்காக அப்படி எழுதவில்லை. பங்காளிகளுக்குள் சண்டை வரக்கூடாது, வேலையாள் கை நீளக்கூடாது என்பதற்காக எழுதினார்கள். அந்தப் பழக்கமே அவர்களை வரி அலுவலகத்திலும் காப்பாற்றியது.

1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எல்லாருக்கும் கணக்கு மார்ச் 31இல்தான் முடிய வேண்டும் என்று சட்டம் மாறியது. பதினைந்து நாள் வித்தியாசம்தானே என்று பலர் நினைத்தார்கள். சித்திரைக்குப் புதுக்கணக்குப் போட்டவர்களுக்கு அவ்வளவுதான். தீபாவளிக் கணக்குக்காரர்களின் நிலைமை வேறு. ஐப்பசியில் அவர்கள் குடோன் காலியாக இருக்கும். மார்ச் கடைசியில் சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்து நெல் முகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். நெசவு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் ஐந்தொகையைப் பார்த்துவிட்டு, வருட விற்பனையில் இத்தனை பங்கு சரக்கு எப்படிக் கையிருப்பில் இருக்க முடியும், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. நான் ஒரு தாளில் மேட்டூர் அணையிலிருந்து ஆரம்பித்தேன். ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் குறுவை, அது புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை, சம்பா தையில், தாளடி மாசி, பங்குனியில், ஆலைக்காரர் இந்த மூன்று மாதத்தில் வாங்கிப் போட்டு ஆடி வரை அரைக்கிறார், வங்கியில் நெல்லை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார், இதோ கடிதம். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுவருடம் அதே கேள்வி வரவில்லை. அதிகாரிக்கு நம் தொழில் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியவர்கள் நாம்.

விற்பனைவரியில் இப்படிச் சொல்லிப் புரியவைப்பது எளிதில்லை. 1939இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த வரி அது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட வந்ததென்று பழைய வியாபாரிகள் சொல்வார்கள். எங்கள் காலத்தில் 1959ஆம் வருடச் சட்டம். அதில் எல்லாரும் பயந்தது ஸ்லிப்புக்குத்தான். சோதனைக்கு வரும் ஸ்குவாடு கடைக்குள் நுழைந்தால் முதலில் கல்லாப்பெட்டி, அடுத்தது முதலாளியின் சட்டைப்பை, அதற்கடுத்தது சாமி படத்துக்குப் பின்பக்கம். பில் போடாத விற்பனையைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் அந்தத் தொகையோடு கதை முடியாது. இது கையில் கிடைத்தது, கிடைக்காமல் இன்னும் இவ்வளவு இருக்கும் என்று அதே அளவு இன்னொரு மடங்கு கூட்டுவார்கள். அதற்கு வரி, வரிக்கு மேல் ஒன்றரை மடங்கு வரை அபராதம்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு மளிகைக்கடையில் அப்படி ஒரு சோதனை. கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு கிடைத்தது. பெயர்கள், எதிரே தொகைகள். "இது பில் இல்லாத விற்பனைதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். கடைவாசலில் கூட்டம் கூடிவிட்டது. மனிதர் பயந்து, ஆமாம் என்று எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் அவரும் அவர் மனைவியும் என் ஆபீசுக்கு வந்தார்கள். அந்த அம்மாள்தான் பேசினார். "அது என் சீட்டு நோட்டுங்க சார். தெருவுல பன்னெண்டு பேரு சேந்து போடுறோம். இவருக்கு ஒன்னுமே தெரியாது."

நோட்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் அதே பன்னிரண்டு பெயர், அதே தொகை, அதே ஐந்தாம் தேதி. மளிகைக்கடையில் எந்த வாடிக்கையாளரும் மாதா மாதம் பைசா மாறாமல் சாமான் வாங்கமாட்டார். சீட்டுப் போட்ட பெண்கள் ஒவ்வொருவரிடமும் கடிதம் வாங்கினோம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மேல்முறையீட்டில் உதவி ஆணையர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, தொகைகள் மாறாமல் இருப்பதை அவரே கவனித்தார். சேர்த்த தொகை முழுவதும் நீங்கியது. ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒரு கையெழுத்து இல்லாமலிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

வருமானவரிக்காரர்கள் கடைக்கு வந்து செய்யும் சர்வேயிலும் இப்படித்தான். அங்கே வாங்கும் வாக்குமூலத்தை மட்டும் வைத்து வருமானத்தைக் கூட்டமுடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் காதர்கான் சன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் பின்னால் அதை உறுதிசெய்தது. இந்தத் தீர்ப்பு இன்று நாடு முழுவதும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனாலும் தீர்ப்பை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொல்லுங்கள். கணக்குப் பார்த்துப் பிறகு பதில் தருகிறேன் என்று எழுதுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நகல் கேட்டு வாங்குங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான அதிகாரிகள் மறுப்பதில்லை.

மாமூல் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கேட்டவர்கள் இருந்தார்கள், கேட்காதவர்களும் இருந்தார்கள். கொடுத்து முடித்துவிடலாம் என்று வந்தவர்களை நான் வேறு ஆபீசுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். இதில் நியாயம் ஒருபுறம் இருக்க, பணம் கொடுத்து முடித்த கோப்பு உண்மையில் முடிவதில்லை என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரணம் எழுதாமல் விட்டுக்கொடுத்த உத்தரவை இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைக்காரர்கள் பிடிப்பார்கள், கோப்பு மறுபடி திறக்கும். அப்போது வாங்கியவர் வேறு ஊரில் இருப்பார். வியாபாரியிடம் தாள் எதுவும் இருக்காது.

ஆலைகள் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரிசி ஆலையில் அதிகாரி முதலில் கேட்பது மின்சார பில். இத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, ஒரு மூட்டைக்கு இத்தனை யூனிட், ஆகவே இத்தனை மூட்டை அரைத்திருக்க வேண்டும், கணக்கில் காட்டியது குறைவு என்று ஒரு கணக்குப் போடுவார். அடுத்தது அரவை விகிதம். அரசுக் கொள்முதல் நெல்லுக்கு நூறு கிலோவுக்குப் பச்சரிசி 67, புழுங்கல் 68 என்று ஒரு அளவு இருக்கிறது. அது 17 சதவீத ஈரத்துக்குள் இருக்கும் நல்ல நெல்லுக்கு. ஐப்பசி மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அந்த அளவுக்கு எங்கே நிற்கும் என்று. ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் கேட்பதும் மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் மழைக்காலச் செய்தியாகவே ஆகிவிட்டது.

ஓர் ஆலையில் இந்த இரண்டு கணக்கும் சேர்ந்து பெரிய தொகையாக வந்து நின்றது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அவர் களத்து மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். அவர் அவித்த நெல்லைக் காயப்போடும் ஒவ்வொரு அவியலுக்கும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார்: எந்தத் தேதி ஊறவைத்தது, எத்தனை மூட்டை, எப்போது மழை வந்து குவித்து மூடியது, எப்போது டிரையரில் போட்டது, எப்போது கரண்ட் போய் அரவை நின்றது. கூலி கொடுப்பதற்காக அவர் எழுதிய நோட்டு அது. வரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. டிரையர் ஓடிய நாட்களில்தான் யூனிட் ஏறியிருந்தது. மழைத் தேதிகளை வருவாய்த்துறை மழை அளவுப் பதிவோடு ஒப்பிட்டுக் காட்டினோம். அதிகாரியால் அந்த நோட்டைத் தள்ள முடியவில்லை. காக்காய் எச்சமும் நெல் தூசியும் படிந்து, மூன்று விதப் பேனாவால் எழுதிய நோட்டு அது. ராத்திரி உட்கார்ந்து ஒரே மையில் எழுதித் தயாரித்த கணக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் ஆலைக்காரர்களுக்குச் சொல்வேன். அரிசிக் கணக்கு சுத்தமாக வைத்திருப்பார்கள். தவிட்டுக் கணக்கு இருக்காது. தவிடு, குருணை, உமி விற்ற பணம் வீட்டுச் செலவுக்குப் போய்விடும். தவிட்டை வாங்கும் எண்ணெய் ஆலையில் ஒவ்வொரு லோடுக்கும் பதிவு இருக்கிறது. அங்கே ஒருமுறை புத்தகத்தைத் திறந்தால் டெல்டாவில் யார் யார் எவ்வளவு தவிடு விற்றார்கள் என்று பட்டியல் வந்துவிடும். தவிட்டிலிருந்து நெல்லுக்குப் பின்னோக்கிப் போவது கஷ்டமே இல்லை.

சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கே வேண்டாம் என்ற யோசனை 1992 பட்ஜெட்டில் வந்தது. வருடம் 5 லட்சத்துக்குள் விற்பனை உள்ள சில்லறை வியாபாரி 1,400 ரூபாய் கட்டினால் போதும். வரி அலுவலகத்தின் படியே ஏறியிராத பலர் அதற்காக முதல் தடவையாக வந்தார்கள். பிறகு அது போய், சில்லறை வியாபாரத்துக்கு விற்பனையில் 5 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்ளும் பிரிவு வந்தது. 2011-12 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது எல்லாச் சிறு வியாபாரத்துக்குமாக விரிந்து 8 சதவீதம் ஆனது. வங்கி வழியாக வரும் வரவுக்கு இப்போது 6 சதவீதம். 60 லட்சமாக இருந்த வரம்பு 2 கோடிக்கு ஏறி, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை போகிறது. நல்ல ஏற்பாடு. டீக்கடைக்காரரிடம் ஒவ்வொரு டம்ளருக்கும் பில் கேட்க முடியாது.

ஆனால் கணக்கு கேட்கமாட்டார்கள் என்றால் எழுதவே வேண்டாம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் திட்டத்துக்கான வருமானவரிப் படிவத்தில் ரொக்கக் கையிருப்பு என்று ஒரு கட்டம் உண்டு. படிவம் நிரப்புகிறவர்கள் வாய்க்கு வந்த ஒரு சிறு தொகையை அதில் போட்டுவிடுவார்கள். யாரும் கவலைப்படவில்லை, 2016 நவம்பர் 8 வரை.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 29. பாத்திரக்கடைகளில் சீர்வரிசை விற்பனையும் தீபாவளி விற்பனையும் முடிந்து, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் கல்லாவில் இருந்தது. பத்து நாள் கழித்து ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு. எல்லாவற்றையும் வங்கியில் கட்டினார்கள். அடுத்த வருடம் வருமானவரித் துறை அந்த ஐம்பது நாள் டெபாசிட்டுகளைக் கணினியில் பிரித்தெடுத்துக் கேள்வி அனுப்பியது. சென்ற வருடப் படிவத்தில் ரொக்கம் பத்தாயிரம் என்று காட்டியிருக்கிறீர்கள், இப்போது கட்டியது பல லட்சம், எப்படி? விளக்கம் ஏற்கப்படாத பணத்துக்கு எல்லாம் சேர்த்து 77.25 சதவீத வரி.

எங்களுக்குக் கைகொடுத்தது வாட் கணக்கு. தமிழ்நாட்டில் பழைய விற்பனைவரிக்குப் பதிலாக வாட் வந்த 2007 ஜனவரியிலிருந்து மாதா மாதம் விற்பனை காட்டி வாட் படிவம் போட்டு வந்தோம். ஒரு பாத்திரக்கடைக்கு முந்தைய ஐந்து தீபாவளி மாதங்களின் படிவங்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் மட்டும் விற்பனை ஏறியிருந்தது, 2016லும் அதே ஏற்றம்தான். அதிகாரி ஒப்புக்கொண்டார். வாட் பதிவு இல்லாமல் இருந்த, நேர்மையாகச் சம்பாதித்த சிலருக்காக என்னால் அவ்வளவு உறுதியாகப் பேச முடியவில்லை. சம்பா கருகிய அந்த வருடத்தில் அவர்கள் பட்ட வேதனை இன்றும் மனதில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வரி எழுதியிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள்.

நெல் தரகர்கள் கதைதான் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. பாபநாசம் பக்கத்தில் ஒரு தரகர். ஆலைக்காரர் அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவார், இவர் ரொக்கமாக எடுத்துக் களத்தில் பட்டுவாடா செய்வார். இவருக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தரகு. ஆறு ஏக்கர் குத்தகை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான் சொத்து. வரிப் படிவமே போட்டதில்லை. 2019 செப்டம்பரிலிருந்து வருடம் ஒரு கோடிக்கு மேல் ரொக்கம் எடுத்தால் 2 சதவீதம் பிடித்தம் என்று ஆனது. படிவம் போடாதவர்களுக்கு மறுவருடம் அந்த வரம்பு 20 லட்சமாக இறங்கியது. "அண்ணே, பேங்க்ல நம்ம காசப் பிடிச்சுட்டாங்க" என்றுதான் என்னிடம் வந்தார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் வழியாக விவசாயிக்குக் கொடுக்கும் வியாபாரிக்கு இந்தப் பிடித்தத்திலிருந்து விலக்கு உண்டு. களத்துமேட்டில் வாங்குகிறவருக்கு இல்லை.

கொஞ்ச நாளில் நோட்டீசும் வந்தது. உங்கள் கணக்கில் வந்த கோடிகள் எல்லாம் உங்கள் விற்பனை, அதற்கு வருமானம் எங்கே? இங்கே ஒரு பொறி இருக்கிறது. 8 சதவீதத் திட்டத்தில் போட்டு முடித்துவிடலாம் என்று சிலர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தரகு, கமிஷன் வருமானக்காரர்களுக்கு அந்தத் திட்டமே கிடையாது. அதில் போட்டால், வாழ்நாளில் பார்க்காத வருமானத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், படிவமும் செல்லாது. சரியான பதில் வேறு. பிறருக்காக வாங்கிக் கொடுக்கும் கச்சாத் தரகருக்குத் தரகுத் தொகை மட்டுமே வரவு, சரக்கின் மதிப்பு அவர் விற்பனை ஆகாது என்று 1986இலேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் 452ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை ஏற்பதில்லை என்ற பொது விதியிலும் விளைவித்தவருக்கே நேரில் கொடுத்தால் விலக்கு உண்டு. முதலாளிக்காக ரொக்கம் பட்டுவாடா செய்ய வேண்டிய முகவரிடம் கொடுத்தாலும் உண்டு.

சட்டம் நம் பக்கம்தான். ஆனால் அவர் தரகர்தான் என்பதற்கு என்ன சாட்சி? அவரிடம் நீள நோட்டு ஒன்று இருந்தது: விவசாயி பெயர், ஊர், மூட்டை, விலை, லாரி எண். எடைமேடைச் சீட்டுகளை அரிசிப் பையில் போட்டு வைத்திருந்தார். ஆலையிலிருந்து தரகு விவரத்தோடு கடிதம் வாங்கினோம். விவசாயிகளிடம் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல் நகல் வாங்கினோம். அதற்குள் விசாரணை முகமற்றதாகிவிட்டது. கேள்வி கேட்கும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. அடங்கல் என்றால் என்ன, களத்தில் ஏன் ரொக்கம் கேட்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, எடை போடும் இடத்தின் போட்டோக்களோடு இணையத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு எடைச்சீட்டையும் நோட்டு வரியோடும், அன்று வங்கியில் எடுத்த தொகையோடும் பொருத்தி ஒரு பட்டியல் போட்டேன். தரகு வருமானத்துக்கு மட்டும் வரி என்று உத்தரவு வந்தது. அந்த அதிகாரியை நான் பார்க்கவே இல்லை. எதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் ஒருவேளை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் முகம் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து ஏழைத் தரகருக்கு நியாயம் கிடைத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அரிசிக்கு ஒரு குழப்பம். பதிவு பெற்ற பிராண்டு என்றால் 5 சதவீதம், இல்லையென்றால் வரியில்லை. பலர் பையிலிருந்து பெயரை எடுத்தார்கள். 2022 ஜூலை 18 முதல் பிராண்டு கணக்கு போய், 25 கிலோ வரை முன்கூட்டிக் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு எல்லாம் 5 சதவீதம் என்று வந்தது. சில வாரங்களில் தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ சிப்பம் நின்றது. சட்டப்படி அது சரிதான். அதைச் சிறு பைகளாகப் பிரித்து லேபிள் ஒட்டி விற்றால் மறுபடி வரி வரும் என்று யோசிக்காத கடைகளுக்குத்தான் கஷ்டம். கூலி அரவைக்கும் இப்படித்தான்: விவசாயியின் நெல்லை அரைத்துக் கொடுப்பது விவசாயப் பணி, வரி கிடையாது என்று நினைத்தார்கள், 2017 நவம்பர் சுற்றறிக்கை அதற்கு 5 சதவீதம் என்றது. அறுவடை மெஷின் வாடகைக்கு மட்டும் வரி இல்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் நோட்டீஸ் வரும் வழி. முன்பெல்லாம் பியூன் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவார், இல்லையென்றால் கதவில் ஒட்டுவார். இப்போது ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு மூலையில் ஏற்றிவிடுகிறார்கள். அது வழக்கமான பக்கத்தில்கூட இல்லாமல் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற இன்னொரு பக்கத்தில் கிடக்கும். பதில் சொல்லாததால் ஒருதலையாக உத்தரவு போட்டு, வங்கிக் கணக்கை முடக்கிய பிறகுதான் வியாபாரிக்கு விஷயமே தெரியும். இப்படி வந்த பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம், கேட்கும் வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி உத்தரவை ரத்துசெய்து மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் வரை போகச் செலவு செய்ய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? கடிதமும் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று துறை விதி வைத்தால் ஆயிரக்கணக்கான சிறு கடைகள் பிழைக்கும்.

இனி ரொக்கமே இல்லையே, எல்லாம் ஸ்கேன் செய்து கட்டுகிறார்களே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்ததும் நடந்தது. அட்டையைக் கழற்றுவது தவறான மருந்து. அந்த வரவில் வரியில்லாத காய்கறி எவ்வளவு, கைமாற்று எவ்வளவு, வீட்டுப் பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தாள் இருக்கிறதா என்பதுதான் அங்கேயும் கேள்வியாக இருந்தது.

சொந்தத் தொழில் செய்யும் டெல்டாக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருமானவரி, ஜிஎஸ்டி இரண்டு தளத்திலும் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையது என்று இந்த வாரமே பாருங்கள். பாதிப் பேருக்கு அது படிவம் போட்டுக் கொடுத்த ஆளுடையது. அவர் இறந்துபோயிருக்கலாம், சென்னைக்குக் குடிபோயிருக்கலாம். உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இன்று ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணித் தேதி போட்டு எழுதிவையுங்கள்.